வாசலில் ஒருவர், உள்ளே ஒருவர்

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வாடிக்கையாளர் யாரும் நேரே ஸ்ட்ராங் ரூமுக்குள் போவதில்லை. கவுன்ட்டரில் சலானைக் கொடுப்பார்; அது உள்ளே போகும், பணம் வெளியே வரும். ஓய்வுபெற்ற பிறகு நான் கற்றுக்கொண்ட வேலையும் ஏறக்குறைய அதுதான்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்காக, ரத்த தானம் செய்வோர் பட்டியலைப் பைத்தானில் ஒரு சிறு நிரலாக எழுதினேன். நள்ளிரவில் யாருக்காவது ஓ நெகட்டிவ் தேவைப்பட்டால், கடவுச்சொல் கொடுத்துச் செல்போனிலேயே தேடலாம். அக்கம்பக்கத்தார் என்னை நம்பிக் கொடுத்த பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கின்றன. வருகிறவர் போகிறவரெல்லாம் புரட்டும்படி விட்டுவிட முடியுமா?

அதனால் வாசலில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை நிறுத்தினேன். ரஷ்ய நிரலாளர் இகோர் சிசோயெவ் எழுதி 2004-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. 443 என்ற கதவு வழியாக வருவதெல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டே வரும். கடவுச்சொல்லை நடுவழியில் யாரும் படிக்க முடியாது. பைத்தான் நிரலை உள்ளே இயக்குவது ஜியூனிகார்ன். அதன் முகவரி 127.0.0.1, கதவு எண் 8000. அதே கணினிக்குள் இருப்பவர் மட்டுமே அந்த முகவரியோடு பேச முடியும்.

இருவரையும் இணைப்பது ‘பிராக்ஸி பாஸ்’ என்ற ஒரே வரி. கூடவே, வந்தவரின் ஐ.பி. முகவரியையும் உள்ளே சொல்லி அனுப்ப இன்னொரு வரி எழுத வேண்டும். இல்லாவிட்டால், தப்பான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது எந்த முகவரி என்று நிரலுக்குத் தெரியாது. எல்லாரும் வாசல்காரராகவே தெரிவார்கள்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் சிக்னல் இழுத்துக்கொண்டு கிடக்கும். அப்போதும் வாசல்காரர் பதிலை வாங்கி வைத்துக்கொண்டு பொறுமையாகக் கொடுப்பார். உள்ளே இருப்பவர் அடுத்தவரைக் கவனிக்கலாம்.

திரையில் 502 என்று வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் வாசலில் ஆள் இருக்கிறார், உள்ளே ஆள் இல்லை என்று பொருள். நிரல் நின்றுபோனால் தானே எழுந்து ஓடும்படி சிஸ்டம்டி-யிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் பதிவேட்டைப் பார்த்தபோது, ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு யாரோ தேடியிருந்தார்கள். யார், யாருக்காக என்று நான் விசாரிக்கவில்லை. அந்த வரியில் 200 என்றிருந்தது. கேட்டதற்குச் சரியான பதில் அனுப்பப்பட்டது என்பதற்கு அதுதான் குறி.