மீனுக்கு ஏது குளோசிங் ஸ்டாக்?

பி.காம். படித்தவனுக்கும் மீனுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். வறுவலைத் தவிர வேறு சம்பந்தமே இருக்கக்கூடாதா, சார்?

இருக்கிறது. படிப்பு முடித்த கையோடு ஓர் ஆடிட்டர் ஆபீசில் இரண்டு வருஷம் குப்பை கொட்டினேன். மார்ச் 31 வந்தால் போதும், என்னை ஏதாவது ஒரு கோடவுனுக்குத் துரத்திவிடுவார்கள். சோப்பு, சைக்கிள் டியூப், ஊறுகாய் பாட்டில் என்று சகலத்தையும் எண்ணி எழுத வேண்டும். அதற்குப் பேர் குளோசிங் ஸ்டாக். அது தெரியாமல் லாபமா, நஷ்டமா என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது. கோடவுன் பாதி காலியானதைப் பார்க்காமல் 'ஆஹா, வியாபாரம் ஜோர்!' என்று துள்ளினால், அப்புறம் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

கடலுக்கு இந்தக் கணக்கை யார் எழுதுவது? கதவு இல்லை, பூட்டு இல்லை, சரக்கு வேறு ஓரிடத்தில் நிற்காமல் நீந்திக்கொண்டே இருக்கும்!

ஆனாலும் எண்ணுகிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்று 1947-ல் ஆரம்பித்தது. ரொம்ப வருஷம் நம்ம மண்டபத்தில்தான் இருந்தது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போய்விட்டது. அதன் ஆட்கள் மீன் இறங்கும் இடங்களில் போய் நிற்பார்கள். எல்லாப் படகையும் பார்க்க முடியாதே... சில நாள், சில படகு என்று பொறுக்கி எடுத்து, அதிலிருந்து கடற்கரை மொத்தத்துக்கும் பெருக்கிவிடுவார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு கதைதான்.

எடை மட்டும் பார்த்தால் போதாது என்று மீனின் நீளத்தையும் அளக்கிறார்கள். நீளம் எதற்கு? ஒரு ஊர்க் கல்யாணத்துக்குப் போகிறீர்கள். பந்தியில் அரை டிராயர் பையன்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். தாத்தா, மாமா, சித்தப்பா ஒருத்தரையும் காணோம். அந்த ஊரில் ஏதோ விபரீதம் என்று வயிறு கலங்காதா? அதுதான் விஷயம். குளிர் தேசத்து மீன்களுக்குக் காதுக்குள் இருக்கும் சின்ன எலும்பில், மரத்தில் இருப்பதுபோல வருஷ வளையம் விழும். எண்ணினால் வயசு தெரிந்துவிடும். நம்ம கடல் வருஷம் பூரா வெதுவெதுப்பு. வளையம் அவ்வளவு தெளிவாக விழாது. எனவே ஸ்கேலும் கையுமாக நிற்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு மணி நேரம் வலை இழுத்தால் எத்தனை கிலோ கிடைக்கிறது? அது குறைந்தால் கடலில் மீன் குறைகிறது. குறையாவிட்டால் பயமில்லை. கேட்பதற்கு எவ்வளவு அழகு! ஆனால் இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது.

உங்கள் கம்பெனியில் ஒரு சேல்ஸ்மேன். முதல் வருஷம் நடந்தே போய் ஒரு நாளைக்குப் பத்து டஜன் விற்றான். அடுத்த வருஷம் சைக்கிள் வாங்கிக் கொடுத்தீர்கள், பத்து டஜன். அப்புறம் ஸ்கூட்டர், அப்புறம் கார், கையில் செல்போன். அப்பவும் அதே பத்து டஜன். மானேஜர் ரிப்போர்ட் எழுதுகிறார்: 'மார்க்கெட் ஸ்டெடியாக உள்ளது.' உருப்படுமா அந்தக் கம்பெனி?

கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் அசல் இதே கதை நடந்தது. அங்கே 'காட்' என்று ஒரு மீன். பல நூறு வருஷமாகத் தூண்டில், வலை, சின்னப் படகு என்று பிடித்துச் சாப்பிட்ட ஊர். 1950-களில் பெரிய கப்பல்கள் வந்தன. வலையைப் பின்பக்கமாக ஏற்றி, கப்பலிலேயே வெட்டி, அங்கேயே ஐசாக்கிவிடும் மிதக்கும் ஃபாக்டரிகள். 1968-ல் மட்டும் 8 லட்சம் டன் அள்ளினார்கள். 1977-ல் கனடா 200 கடல் மைல் எல்லை போட்டு, வெளிநாட்டுக் கப்பல்களை ஓரங்கட்டியது. அப்பாடா என்று பார்த்தால், சொந்தக் கப்பல்கள் பெருகிவிட்டன.

1980-களில் கரையோரச் சின்னப் படகுக்காரர்கள் 'மீன் குறைஞ்சுபோச்சு, வர்றதும் பொடிசா வருது' என்று கத்தினார்கள். பெரிய கப்பல்களின் கணக்கிலோ மணிக்கு இத்தனை டன் என்பது ஜம்மென்று நின்றது. ஏன் நிற்காது? மீன் குறையக் குறைய, மிச்சம் இருந்தவை ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்துகொண்டன. அந்தக் கூட்டம் எங்கே என்று காட்டிக்கொடுக்கக் கப்பலில் சோனார் இருந்தது. கடைசிக் கூட்டம் வரைக்கும் வலை நிறையத்தான் வரும்! கடல் நீர் ரொம்பக் குளிர்ந்ததும் ஒரு காரணம் என்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் குளிர் வலை போடவில்லையே.

1992 ஜூலை 2-ந் தேதி 'காட் பிடிக்கக்கூடாது' என்று தடை போட்டார்கள். சுமார் 30 ஆயிரம் பேருக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. இரண்டு வருஷம் என்று சொல்லிப் போட்ட தடை. எப்போது எடுத்தார்கள் தெரியுமா? 2024-ல்! எடுத்தபோதும் அந்த வருஷத்துக்கு அனுமதித்தது 18 ஆயிரம் டன்தான். 8 லட்சம் எங்கே, 18 ஆயிரம் எங்கே!

நம்ம கிழக்குக் கரையில் வருஷா வருஷம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது. வஞ்சிரம் விலை கேட்டு நாம் மூர்ச்சையாகும் காலம். என்னைக் கேட்டால் நல்ல ஏற்பாடு. ஆனால் மிச்சம் இருக்கிற பத்து மாசத்தில் படகில் என்னென்ன கருவி ஏறுகிறது என்பதையும் யாராவது எழுதி வைக்க வேண்டாமா?

இந்தக் கேள்வியோடு ஒரு ஞாயிறு விடியற்காலையில் காசிமேடு போனேன். ஏலச் சத்தத்துக்கு நடுவே, படகுக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டு பேசினார்.

"எங்க நைனா விடியக்காலம் போனா சாயங்காலம் கரைக்கு வந்துருவாரு சார். நான் ஐஸ் ஏத்திக்கினு பத்து நாளு சுத்தறேன்."

"மீன் கிடைக்குதா?"

"கூடை கணக்குல ஒண்ணும் கொறயல. டீசல் கணக்கைக் கேளு, அழுதுருவே!"

எங்கள் ஆடிட்டர் இவரிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும்.

பக்கத்தில் ஒரு பையன் சங்கரா மீன்களை ஒவ்வொன்றாகப் பலகையில் கிடத்தி நீளம் குறித்துக்கொண்டிருந்தான். சர்வேக்கு வந்தவன். பேனாவை எடுத்துக்கொண்டு இவரிடம் வந்தான்.

"அண்ணே, எத்தனை தடவை வலை போட்டீங்க? ஒவ்வொரு தடவையும் எத்தனை மணி நேரம் இழுத்தீங்க?"

சொன்னார்.

"படகுல ஜி.பி.எஸ். எந்த வருஷம் மாட்டினீங்க? மீன் பார்க்கிற மெஷின்?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாத்துக்குப்பா கேக்கறே... இதுக்கும் ஜி.எஸ்.டி. போடப் போறீங்களா?"