ராஜபார்ட் ரூட்

டாக்கர் கற்றுக்கொள்ள உட்காரும் எல்லோரும் முதல் நாளே ஒரு சுவரில் முட்டிக்கொள்வார்கள். கமாண்டை அடித்தால் "அனுமதி இல்லை" என்று மூஞ்சியில் அடித்த மாதிரி ஒரு வரி வரும். கூகிளில் தேடினால் இரண்டு வைத்தியம் கிடைக்கும். ஒன்று, முன்னால் சூடோ போடு. இரண்டு, உன் யூசரை 'டாக்கர்' என்ற குரூப்பில் சேர்த்துவிடு, அப்புறம் சூடோவே வேண்டாம். முக்கால்வாசிப் பேர் இரண்டாவதைச் செய்துவிட்டு, வேலை நடந்ததே என்று சந்தோஷமாகப் போய்விடுவார்கள். அந்த இரண்டாவது வைத்தியம் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் கன்டெய்னர் என்றால் என்ன? (கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் ஒரு பத்தி தாண்டிக் குதிக்கலாம்.) பழைய காலத்தில் திருப்பதிக்கு ரயிலேறும்போது வீட்டிலிருந்தே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவார்கள். புளிசாதம், தொட்டுக்க துவையல், வாழை இலை, கை துடைக்கத் துணி வரை மூட்டையிலேயே இருக்கும். போகிற ஊரில் என்ன கிடைக்கும், கிடைக்காது என்ற கவலை இல்லை. ஒரு புரோகிராமை அதற்குத் தேவையான லைப்ரரிகளோடு சேர்த்து இப்படி மூட்டை கட்டினால் அது கன்டெய்னர். ஒரு முழுக் கம்ப்யூட்டரையே உள்ளே நகல் எடுத்து வைப்பதில்லை என்பது முக்கியம். எல்லா மூட்டைகளுக்கும் அடியில் ஓடுவது ஒரே லினக்ஸ் கெர்னல்தான்.

டாக்கர் 2013 மார்ச்சில் வெளியே வந்தது. அதன் அமைப்பு எளிமையானது. பின்னணியில் டீமன் என்ற ஒரு வேலைக்காரன் எப்போதும் விழித்திருப்பான். அவன் ரூட். அதாவது லினக்ஸில் எதையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம் என்ற பூஜ்ஜியம் எண் யூசர். நாம் அடிக்கும் கமாண்ட் வெறும் சீட்டு மாதிரி. சீட்டை அவனிடம் கொடுத்தால் அவன் செய்து முடிப்பான். டாக்கர் குரூப்பில் இருக்கும் யார் சீட்டு நீட்டினாலும் செய்வான். "இந்தக் கம்ப்யூட்டரின் மொத்த ஹார்ட் டிஸ்கையும் கன்டெய்னருக்குள் கொண்டுவந்து வை, உள்ளே நான் ரூட்டாக இருக்கிறேன்" என்று ஒரே ஒரு வரி சீட்டு எழுதினால் அதையும் செய்வான். முடிந்தது கதை. பாஸ்வேர்ட் ஃபைலிலிருந்து பக்கத்து சீட் ஆசாமியின் ப்ராஜெக்ட் வரை எல்லாம் கையில். இதை ஹேக்கிங் என்றுகூடச் சொல்ல முடியாது, டாக்கர் அப்படித்தான் வேலை செய்கிறது. இந்தக் குரூப் ரூட்டுக்குச் சமமான அதிகாரம் தருகிறது என்று டாக்கரின் சொந்த ஆவணத்திலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

காமர்ஸ் பாஷையில் சொன்னால், கையெழுத்துப் போட்டு தொகை எழுதாத செக்கை மேஜை மேல் வைத்துவிட்டுப் போவது. சொந்த லேப்டாப்பில் பரவாயில்லை, செக்கும் உங்களது, கணக்கும் உங்களது. நூறு பேர், ஐநூறு பேர் சேர்ந்து பயன்படுத்தும் பல்கலைக்கழக சர்வரில்? அங்கேதான் நிஜமான சண்டை.

ஒரு ஆராய்ச்சி மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் தேவையான மென்பொருள், சர்வரில் இருக்கும் பழைய லைப்ரரியோடு ஓடாது. புதியதை நிறுவ ரூட் வேண்டும். அட்மின் தரமாட்டார். தந்தால் மற்ற ஐநூறு பேரின் தரவுக்கு யார் பொறுப்பு? டாக்கர் போடுங்கள் என்றால் அதற்கும் மாட்டேன் என்பார், காரணம் மேலே சொன்னதுதான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் தீஸிஸ் கடைசித் தேதி அவளுக்கு மட்டும்தான் இருக்கிறது.

பெரிய சூப்பர்கம்ப்யூட்டர் மையங்களில் இந்தச் சிக்கல் முதலில் வெடித்ததில் ஆச்சரியமில்லை. அமெரிக்காவின் பெர்க்லியில் இருக்கும் நெர்ஸ்க் மையம் 2015 வாக்கில் ஷிஃப்டர் என்று ஒன்று செய்தது. அதே பெர்க்லி ஆய்வகத்தில் கிரெகரி குர்ட்ஸர் 2015-ல் சிங்குலாரிட்டி என்ற வேலையை ஆரம்பித்தார். சிங்குலாரிட்டியின் கொள்கை ரொம்ப நேரானது: வெளியே நீ யாரோ, உள்ளேயும் நீ அவரேதான். கன்டெய்னருக்குள் போவதால் பதவி உயர்வு கிடையாது. ஆனால் மூட்டையைத் திறந்து விரிக்கும் அந்த ஒரு நிமிட வேலைக்கு ரூட் தேவைப்பட்டது. அதற்கு செட்யூஐடி என்ற பழைய வழியைப் பிடித்தார்கள். யார் ஓட்டினாலும் சொந்தக்காரரின் அதிகாரத்தோடு ஓடும் புரோகிராம் அது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியின் யோசனை, 1979-ல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. நீங்கள் உங்கள் பாஸ்வேர்டை மாற்றும்போது ஓடும் புரோகிராமும் இந்த ரகம்தான். பத்திரப்பதிவு ஆபீஸ் பக்கம் போனவர்களுக்குப் புரியும், ஒரே ஒரு வேலைக்கு மட்டும் எழுதிக் கொடுக்கும் ஸ்பெஷல் பவர் மாதிரி. சிக்கல் என்னவென்றால், பவர் வாங்கிய ஆள் ஏமாளியாக இருந்தால் அவரை ஏமாற்றி முழுச் சொத்தையும் எழுதி வாங்கிவிடலாம். அந்தப் புரோகிராமில் ஒரு ஓட்டை இருந்தால் போதும்.

அப்படியென்றால் ரூட்டே தொடாமல் ஓட்ட வழியில்லையா? இருக்கிறது. அதுதான் இந்தப் பதிவின் கதாநாயகன்: யூசர் நேம்ஸ்பேஸ்.

ஸ்பெஷல் நாடகம் பார்த்திருக்கிறீர்களா? ராஜபார்ட் போடுகிறவர் மேடையில் கையை நீட்டினால் மந்திரி ஓடுகிறார், சேனாதிபதி வணங்குகிறார், தலையை வெட்டு என்றால் வெட்டுகிறார்கள். விடிந்ததும் அதே கிரீடத்தோடு இறங்கி டீக்கடைக்குப் போனால் காசு கொடுத்துத்தான் டீ குடிக்க வேண்டும். "யாம் இந்நாட்டு மன்னர்" என்றால் டீக்கடைக்காரர் சிரிப்பார். யூசர் நேம்ஸ்பேஸ் செய்வது இதைத்தான். உள்ளே உங்கள் எண் 0, ரூட். பேக்கேஜ் நிறுவலாம், ஃபைலுக்குச் சொந்தக்காரரை மாற்றலாம், மவுண்ட் செய்யலாம். மேடைக்கு வெளியே கை வைக்கும்போது மட்டும் கெர்னல் பழைய கணக்கைப் பார்க்கிறது: இவர் எண் 1000, சாதாரண யூசர், போகச் சொல். எரிக் பீடர்மன் பல வருடம் உழைத்து, 2013 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 3.8-ல் சாதாரண யூசரும் இதை உருவாக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார். டாக்கர் வெளியாவதற்கு ஒரு மாதம் முன்னால்! கருவி கையில் இருந்தும் டாக்கரில் ரூட் இல்லாத வசதி முழுமையாக வர 2020 டிசம்பர் ஆகிவிட்டது. (சோதனை வடிவம் 2019-ல் வந்தது, ஜப்பானின் அகிஹிரோ சுடா அதில் முக்கியமான ஆள்.) ரெட்ஹேட் நிறுவனத்தின் பாட்மேன் டீமனே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, 2019 ஜனவரியில் 1.0 பதிப்போடு வந்தது.

லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் சார்லிகிளவுடையும் சொல்லாமல் விடக்கூடாது. 2017-ல் அதை வெளியுலகுக்கு விளக்கியபோது மொத்தமே சுமார் 800 வரி. டீமன் இல்லை, செட்யூஐடி இல்லை, கெர்னல் ஏற்கெனவே கொடுத்ததை வைத்தே வேலையை முடித்துவிட்டார்கள். அணுகுண்டு ஆய்வகத்தில் பாதுகாப்புக்கு வைத்த ஆள் 800 வரிதான் என்பது ரசிக்கத் தக்கது :)

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு விருந்து. கன்டெய்னருக்குள் ரூட் மட்டும் இருப்பதில்லை, இன்னும் பல எண்களில் ஆட்கள் இருப்பார்கள். மைஎஸ்க்யூஎல் தன்னை 999 என்று நினைத்துக்கொள்ளும். இத்தனை பேருக்கும் வெளியே ஒவ்வொரு போலி எண் வேண்டுமே? எட்ஸி டைரக்டரியில் சப்யூஐடி என்று ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் உங்கள் பெயருக்கு எதிரே 100000-லிருந்து 65536 எண்கள் என்று ஒதுக்கியிருக்கும். உள்ளே 0 என்பது வெளியே நீங்கள், 1000. உள்ளே 1 என்பது வெளியே 100000. இப்படியே போனால் 999 எங்கே வரும்? 100998. டேட்டாபேஸ் ஃபோல்டரை வெளியிலிருந்து பார்த்துவிட்டு "யாரப்பா இந்த 100998, ஹேக் பண்ணிட்டாங்களா?" என்று பதறுகிறவர்கள் நிறைய. உங்கள் ஹோமிலேயே இருக்கும் அந்த ஃபோல்டரை நீங்களே அழிக்கவும் முடியாது, ஏனென்றால் வெளியே நீங்கள் 1000, அது வேறு ஆளின் சொத்து. 'பாட்மேன் அன்ஷேர்' என்று மறுபடி மேடையேறி, ராஜா வேஷத்தில் அழிக்க வேண்டும்.

இத்தனை நாடகமும் தேவையா என்பவர்களுக்கு 2019 பிப்ரவரியைக் காட்டலாம். கன்டெய்னர்களை உண்மையில் ஓட்டும் ரன்சி என்ற புரோகிராமில் ஓட்டை (சி.வி.ஈ-2019-5736). உள்ளே ரூட்டாக இருக்கும் ஒரு கெட்ட புரோகிராம், வெளியே இருக்கும் ரன்சி ஃபைலையே தன் கோடால் மாற்றி எழுதிவிடலாம். அடுத்த முறை யாராவது கன்டெய்னர் ஓட்டினால் மொத்த மெஷினும் காலி. டாக்கர், குபர்னெட்டீஸ் என்று எல்லோரும் அலறியடித்து அப்டேட் போட்டார்கள். யூசர் நேம்ஸ்பேஸை ஒழுங்காக வைத்திருந்த இடங்களில் பருப்பு வேகவில்லை. உள்ளே இருந்த ராஜா வெளியே வந்து ரன்சி மேல் கை வைத்தால் அது உண்மையான ரூட்டின் சொத்து, அவர் வெறும் 1000.

நெட்வொர்க் கதை இதைவிட சுவாரசியம். கன்டெய்னருக்குத் தனி நெட்வொர்க் கார்டு அமைத்து வெளியுலகோடு இணைக்க உண்மையான ரூட் வேண்டும். இல்லாதவர் என்ன செய்வார்? 1990-களில் நெட் கணக்கு இரண்டு வகை. வசதியுள்ளவர்களுக்கு முழு இணைப்பு. மாணவர்களுக்கு டயலப்பில் எழுத்து மட்டும் தெரியும் ஷெல் கணக்கு. (இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். இண்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தபோது மாணவர்களுக்கு வந்ததும் இந்த ஷெல்தான். படம் தெரியாத இண்டர்நெட்!) அதே 1995-ல் டேனி காஸ்பரோவ்ஸ்கி ஸ்லிர்ப் என்று ஒரு புரோகிராம் எழுதினார். ஷெல் கணக்கில் சாதாரண யூசராக அதை ஓட்டினால், வீட்டுக் கம்ப்யூட்டரின் பாக்கெட்டுகளை வாங்கிப் பிரித்து, தானே போய்ப் பேசுவது போல வெளியே இணைப்பு போட்டு, பதிலைத் திரும்ப பாக்கெட் கட்டி அனுப்பும். ஷெல் கணக்கே முழு இணைப்பாகிவிடும். அட்மினிடம் எதுவும் கேட்கத் தேவையில்லை.

டயலப் செத்தது, ஸ்லிர்ப்பும் மறக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ரூட் இல்லாத கன்டெய்னருக்கு வேண்டியதும் அச்சு அசல் இதே தந்திரம்தானே? அந்தப் பழைய கோடிலிருந்து ஸ்லிர்ப்4நெட்என்எஸ் பிறந்தது. பாட்மேனும் ரூட் இல்லாத டாக்கரும் அதை வைத்துத்தான் நெட்டுக்குப் போனார்கள். ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துக் கட்டுவதால் வேகம் கொஞ்சம் அடிவாங்கும். 2024-ல் பாட்மேன் 5.0 வந்தபோது பாஸ்டா என்ற புதிய ஆளை முன்னிருப்பாக வைத்துக்கொண்டது.

1024-க்குக் கீழே உள்ள போர்ட்டில் கடை விரிக்க ரூட் வேண்டும் என்பது யூனிக்ஸின் பழைய சட்டம். அதனால் வெப்சர்வரை 80-ல் வைக்க முடியாது, 8080-ல் வையுங்கள். இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இவ்வளவு நல்ல விஷயத்தை ஏன் பல சர்வர்களில் மூடி வைத்திருக்கிறார்கள்? அட்மின்கள் வீம்புக்காகச் செய்வதில்லை. மேடையில் ராஜாவாக நடிக்கும்போதும் வாள் நிஜ வாள்தான். இதற்கு முன்னால் ரூட் மட்டுமே தொட்ட கெர்னல் பகுதிகளை இப்போது யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். "ரூட்தானே வருவார், அவர் கெட்டது செய்யமாட்டார்" என்ற நம்பிக்கையில் எழுதிய கோடுகள் அவை. 2022 ஜனவரியில் வெளியான சி.வி.ஈ-2022-0185 அப்படி ஒன்று. ஃபைல்சிஸ்டம் மவுண்ட் செய்யும் பகுதியில் நீளக் கணக்கில் ஒரு தப்பு. யூசர் நேம்ஸ்பேஸ் திறந்திருந்தால் சாதாரண யூசரே அதைப் பிடித்து நிஜ ரூட்டாகிவிடலாம். மூடியிருந்தால் அந்த வாசலே இல்லை. டெபியன் 2021-ல் பதிப்பு 11 வரும் வரை இதைப் பூட்டியே வைத்திருந்தது. பிறகு திறந்தது. உபுண்டுவோ எதிர்ப்பக்கம் போய், 24.04-ல் அனுமதிப் பட்டியலில் இல்லாத புரோகிராம்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஒருவர் திறக்க, ஒருவர் மூட... சரி, இரண்டையும் தப்பென்று சொல்ல முடியவில்லை. டாக்கர் குரூப்பைத் திறந்துவிட்டு நேம்ஸ்பேஸை மட்டும் பூட்டும் சர்வர்கள்தான் காமெடி. வாசல் கதவைத் திறந்துபோட்டு ஜன்னலுக்குப் பூட்டு!

கடைசியாக கேம்பஸ் மக்களுக்கு. உங்கள் லேப்டாப்பில் பாட்மேன் போட்டால் பெரும்பாலும் அப்படியே ஓடும், யூசரை உருவாக்கும்போதே சப்யூஐடி வரி தானாகச் சேர்ந்திருக்கும். பல்கலைக்கழக சர்வரில் லாகின் மையமாக எல்டேப் வழியாக வந்தால் அந்த வரி தானாக வராது. ஹோம் டைரக்டரி என்எஃப்எஸ்-ல் இருந்தால் இன்னொரு தலைவலி: தூரத்தில் இருக்கும் ஃபைல் சர்வருக்கு உங்கள் மேடையும் தெரியாது, 100998-உம் தெரியாது, அதனால் மறுத்துவிடும். இமேஜ்களை அந்த மெஷினின் சொந்த டிஸ்கில் வைத்துக்கொள்ள வேண்டும். வரியைச் சேர்க்க ரூட் வேண்டும், ஆக ஒரு தடவையாவது அட்மின் அறைக்குப் போய்த்தான் தீர வேண்டும். "ரூட் குடுங்க சார்" என்று போனால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். "சப்யூஐடியில என் பேருக்கு ஒரு வரி, லோக்கல் டிஸ்க்ல ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான் சார்" என்று கேட்டுப் பாருங்கள்.