ஒட்டகக்காரர்கள் வாழ்ந்த மரீ



ஆஸ்திரேலியா என்றதும் சிட்னி நகரத்துப் பாலமும் கங்காருவும்தான் நம் நினைவுக்கு வரும். அந்தப் பெரிய தேசத்தின் உட்பகுதியில் செம்மண் பாலைவனம் விரிந்து கிடக்கிறது. அதன் ஓரத்தில் மரீ என்று ஒரு சிற்றூர் உண்டு. இன்று அங்கே குடியிருப்பவர்கள் ஏறக்குறைய நூறு பேருக்குள்தான். இவ்வளவு சின்ன ஊரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? நம்மைப் போன்ற உழைப்பாளிக் குடும்பங்கள் அறிய வேண்டிய கதை அங்கே இருக்கிறது.

தென் ஆஸ்திரேலியாவின் தலைநகர் அடிலெய்ட். அங்கிருந்து வடக்கே 600 கிலோமீட்டருக்கு மேல் போனால் மரீ வரும். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஒரு முறை போய்த் திரும்பும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் அங்கே 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. நம் தோட்டப்புறத்தில் அடைமழை மாதம் ஒன்றிலேயே அதைவிட அதிகமாகப் பெய்துவிடும்.

அந்த மண்ணின் பூர்வகுடிகளில் அரபானா மக்கள் ஒரு பிரிவினர். அவர்களின் நிலவுரிமையை ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2012-ல்தான் ஏற்றுக்கொண்டது. வெள்ளையர்கள் வந்து ஆடு மாடு வளர்க்கத் தொடங்கிய பிறகு, 1884-ல் ரயில் பாதை மரீயை எட்டியது. அதற்கு அப்பால் உள்ள பண்ணைகளுக்கு மாவு, சர்க்கரை, தேயிலை, இரும்புக் குழாய் எல்லாம் போக வேண்டும். திரும்பும்போது கம்பளி மூட்டைகள் வர வேண்டும். தண்ணீர் இல்லாத அந்த வழியில் குதிரையும் மாடும் தாங்காது. ஒட்டகம்தான் தாங்கும்.

ஒட்டகம் வந்தால் போதுமா? அதை நடத்தத் தெரிந்த ஆள் வேண்டாமா? 1860-களிலிருந்து ஆப்கானிஸ்தான், பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பகுதிகளிலிருந்து ஒட்டகக்காரர்களைக் கப்பலில் கொண்டு வந்தார்கள். பலர் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். மனைவி மக்களை ஊரிலேயே விட்டு வந்தவர்கள். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் எல்லாருக்கும் 'ஆப்கானியர்' என்று ஒரே பெயர்தான். நம் பாட்டன்மார் சஞ்சிக்கூலியாகக் கப்பலேறிய கதை உங்களுக்கு நினைவு வருகிறதல்லவா?

மரீயில் தண்டவாளமே எல்லைக்கோடாக இருந்தது. ஒரு பக்கம் வெள்ளையர். 1883-ல் கட்டிய மாடி வைத்த கல் ஹோட்டல் இன்றும் அந்தப் பக்கம் நிற்கிறது. மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் பூர்வகுடிகளும். ஆனாலும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. மண்ணாலும் ஓலையாலும் ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். பேரீச்ச மரம் நட்டார்கள். சிலர் பூர்வகுடிப் பெண்களையும் ஐரோப்பியப் பெண்களையும் மணந்து குடும்பமாக வேரூன்றினார்கள்.

ஆனால் சட்டம் அவர்களை அணைத்துக்கொள்ளவில்லை. 1901-ல் வந்த குடிநுழைவுச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவை அடைத்தது. 1903-ல் வந்த மற்றொரு சட்டம் அவர்கள் குடியுரிமை பெறுவதையும் தடுத்தது. பிறகு மோட்டார் லோரிகள் வந்தன. எந்த ரயில் பாதைக்கு ஒட்டகங்கள் சாமான் சுமந்தனவோ, அந்தப் பாதை 1929-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை நீண்டது. ஒட்டகத்துக்கு வேலை போயிற்று. கேட்பாரற்றுத் திரியும் ஒட்டகங்களைச் சுட அனுமதிக்கும் சட்டமும் 1925-ல் தென் ஆஸ்திரேலியாவில் வந்திருந்தது. பிள்ளையைப் போல வளர்த்த பிராணியைச் சுட மனம் வராமல் பலர் அவிழ்த்து விட்டார்கள். இன்று ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் லட்சக்கணக்கில் திரியும் காட்டு ஒட்டகங்கள் அவற்றின் வழி வந்தவை.

வேடிக்கையைக் கேளுங்கள்: ஒட்டகத்தின் பிழைப்பைப் பறித்த அந்த ரயிலுக்கே 'கான்' என்று பெயர். 'ஆப்கான்' என்பதன் சுருக்கம் அது என்பார்கள்.

காலச் சக்கரம் ரயிலையும் விடவில்லை. வெள்ளம் அடிக்கடி தண்டவாளத்தை அரித்துப் போனதால், 1980-ல் மேற்கே தள்ளிப் புதிய பாதை திறந்தார்கள். மரீ வழியாகச் சென்ற பழைய பாதை மூடப்பட்டது. ரயில்வே குடும்பங்கள் மூட்டை கட்டின. இன்று பழைய நிலையத்தின் அருகே டீசல் இன்ஜின்கள் துருப்பிடித்து நிற்கின்றன.

இன்றைக்கு அங்கே போகிறவர்கள் வடமேற்கே உள்ள ஐர் ஏரியைப் பார்க்கப் போகிறார்கள். கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே இருக்கும் உப்புத் தரை அது. பெரும்பாலும் வறண்டிருக்கும். எங்கோ வடக்கே பெய்த மழையின் வெள்ளம் வந்து சேர்ந்தால், கூழைக்கடாப் பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குமாம். 1974-ல் அது கடல் போல நிரம்பியது.

ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் மரீயில் இன்னொன்றையும் பார்க்கலாம். பழைய பள்ளிவாசல் அழிந்தாலும், ஊர் நடுவே மண்ணும் ஓலையும் கொண்டு அதன் மாதிரியை எழுப்பியிருக்கிறார்கள். ஒட்டகக்காரர் வழிவந்தவர்கள் இன்றும் ஆஸ்திரேலியாவில் தங்கள் பாட்டன்மாரின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள்.

பெற்றோர்களே, நம் தோட்டங்களும் எத்தனையோ துண்டாடப்பட்டுவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. உங்கள் தோட்டத்துக் கோயிலை முதலில் கட்டியவர் யார்? முதல் பள்ளிக்கூடம் எந்த மரத்தடியில் நடந்தது? வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால், இன்றிரவே பிள்ளைகளை அவர்கள் அருகில் உட்கார வையுங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுங்கள்.