சத்திரசிகிச்சைப் பயிற்சியும் உறக்கமும்

மருத்துவமனையிலேயே வசிப்பவர் என்னும் பொருளிலேதான் 'ரெசிடென்ற்' என்ற சொல் முதலில் வழங்கலாயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் 1889 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையிலே வில்லியம் ஹால்ஸ்ரெட் வகுத்த சத்திரசிகிச்சைப் பயிற்சி முறையில் அச்சொல் எழுத்துக்கு எழுத்து உண்மையாயிருந்தது. பயிலுநர் அங்கேயே உண்டு, அங்கேயே துயின்று, அழைத்தபோதெல்லாம் நோயாளியின் கட்டிலருகே நின்றனர். அவர்கள் மணம் செய்துகொள்வது விரும்பப்படவில்லை. பயிற்சிக்குக் காலவரையறையும் கிடையாது. ஆசான் போதுமென்னும் வரை அது நீண்டது. புகுந்தோர் பலர், உச்சிப் பதவியை எய்தியவர் மிகச் சிலர்.

ஹால்ஸ்ரெட்டின் பெருமையைக் குறைத்துக் கூறுவதற்கில்லை. இறப்பர்க் கையுறை சத்திரசிகிச்சைக் கூடத்திற்கு வந்ததிலே அவருக்குப் பெரும் பங்குண்டு. எனினும், கொக்கெயினின் உணர்வகற்றும் ஆற்றலைத் தம் உடலிலேயே ஊசியேற்றிச் சோதித்த அவர் அதற்கு அடிமையானார். ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் பணியாற்றிய காலத்திலும் மோர்பின் பழக்கம் அவரை விடவில்லை என்பது, சக பேராசிரியரான ஒஸ்லரின் இரகசியக் குறிப்பு 1969 இல் வெளிவந்தபோது உறுதியாயிற்று. உறக்கமற்ற முறையொன்றைக் கொக்கெயினே தோற்றுவித்தது எனச் சிலர் சொல்வதுண்டு. அது எளிதான விளக்கம். ஆனால் நேர்மையான விளக்கமன்று. ஆசான் நெடுங்கோடையை வட கரோலினாவிலே கழிக்க, நோயாளர் விடுதியைத் தாங்கியவர்கள் மாணவரே. மலிவான உழைப்பும் தொண்டு என்ற பெயரும் ஒன்றாய்ச் சேர்ந்தால் எந்த முறையும் நிலைத்துவிடும்.

1984 மார்ச்சில் நியூயோர்க் மருத்துவமனையொன்றில் 18 வயதான லிபி சயன் என்னும் மாணவி, அனுமதிக்கப்பட்ட சில மணித்தியாலங்களுக்குள் இறந்தார். அவர் சத்திரசிகிச்சைக்காக வந்தவரல்லர், காய்ச்சலோடு வந்தவர். பார்த்தவர்கள் நெடுநேரம் பணியிலிருந்த இளம் வைத்தியர்கள். பத்திரிகையாளரான தந்தை வழக்காடினார். விசாரித்த சான்றாயம் வைத்தியர்மீது குற்றஞ்சாட்டாது, அவர்களை அவ்வாறு உழைக்கவைத்த முறையையே கண்டித்தது. 1989 இல் நியூயோர்க் மாநிலம் கிழமைக்கு 80 மணித்தியாலம், தொடர்ச்சியாக 24 மணித்தியாலம் என எல்லை வகுத்தது. 2003 இல் 80 மணித்தியால எல்லை நாடு முழுவதற்கும் வந்தது. ஒரு கிழமையிலுள்ளவை 168 மணித்தியாலங்களே; அவற்றுள் 80 ஐ ஒரு சலுகையென்று கொள்ளுமளவுக்கு ஒரு தொழில் பழக்கப்பட்டிருந்தது. பிரித்தானியாவிலோ 2009 முதல் 48 மணித்தியாலமே எல்லை.

சத்திரசிகிச்சையாளர் இதனை எதிர்த்ததை வெறும் பழமைவாதமென ஒதுக்கிவிடலாகாது. மாலையிலே குடலைத் தைத்த கைக்கு, எந்தத் தையலில் ஐயமிருந்தது என்பது தெரியும். அந்த ஐயம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நள்ளிரவில் வயிறு உப்பும்போது, நன்கு உறங்கி வந்த புதியவர் தாளில் உள்ளதை மட்டுமே அறிவார். களைத்தவர் தவறிழைப்பார், புதியவர் அறியாதிருப்பார். இவ்விரண்டினுள் எது கொடிது என்பதே வினா. அது நோயாளியின் உயிரோடு ஒட்டிய வினா.

விடைகாண முயன்ற ஆய்வொன்று 2016 இல் வெளியாயிற்று. 117 சத்திரசிகிச்சைப் பயிற்சித் திட்டங்களுள் ஒரு பகுதி பணிமுறையின் நீள எல்லையிலிருந்து விலக்களிக்கப்பட்டது. 80 மணித்தியாலம் மட்டும் இருசாராருக்கும் பொது. நோயாளரின் இறப்பும் கடுஞ்சிக்கல்களும் விலக்குப் பெற்ற பகுதியிலே கூடவில்லை. 2011 இல் முதலாண்டினருக்கு விதிக்கப்பட்டிருந்த 16 மணித்தியால எல்லை 2017 இல் நீக்கப்பட்டது.

அதே ஆய்வில், நீண்டநேரம் நின்ற பயிலுநர் நோயாளியைத் தொடர்ந்து கவனிக்க முடிந்ததில் நிறைவு கண்டனர். குடும்பத்துக்கும் ஓய்வுக்கும் உடல்நலத்துக்கும் நேரமில்லையென மற்றவரினும் மிகுதியாகக் குறைகூறினர். அந்த ஆய்வுக்கு அவர்களிடமோ நோயாளரிடமோ தனித்தனியே சம்மதம் கேட்கப்பட்டிருக்கவில்லை.