இடக்கையில் உயிர், வலக்கையில் மெய்

1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்டதுதான் தமிழ்99 விசைப்பலகை. உயிர் 12, மெய் 18, புள்ளிக்கு ஒன்று. ஆக 31 விசைக்குள் 247 எழுத்தும் அடங்கிவிடும். உயிரெல்லாம் இடக்கைக்கு. வ, ங தவிர மெய்யெல்லாம் வலக்கைக்கு. ‘பட்டா’ என அடிக்க ப, ட, ட, ஆ போதும். புள்ளி தானாக விழும். ஆகவே நடுவில் இரண்டாக வெட்டினாலும் தமிழ் கெடாது. இடப்பக்கம் 15, வலப்பக்கம் 16!

ஏன் வெட்டணும் என்கிறீர்களா? எங்க தெரு அக்கா ஒருத்தர் அரியலூரில் மனு அடித்துக் கொடுக்கும் கடையில் வேலை பார்க்கிறார். சாயங்காலமானால் மணிக்கட்டு வலி. “கை நின்னா காசும் நின்னுடும் தம்பி” என்பார். இரண்டு கையும் நடுவே குவிவதால் மணிக்கட்டு வெளிப்பக்கமாக மடங்குகிறது. பலகையைப் பிரித்துத் தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்தால் கை நேராகிவிடும். அவருக்காகத்தான் நானும் நண்பனும் சால்டரிங் அயர்னை எடுத்தோம்.

ஜப்பானியர் ஒருவர் இலவசமாக வெளியிட்ட ‘கோர்ன்’ வரைபடத்தில் பாதிக்கு 21 விசை. 21 ஒயர் தேவையில்லை. 4 வரிசை, 6 நெடுவரிசை எனக் கட்டம் போட்டால் 10 இணைப்பு போதும். ஆனால் ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு வேணும். இல்லாட்டி, கட்டத்தின் மூன்று மூலையைச் சேர்த்து அமுக்கினால் அமுக்காத நாலாவதும் விழும்.

சிக்கல் ‘ஞ’வில் வந்தது. வலப்பக்க மேல்வரிசைக்குத் தமிழில் 7 விசை வேணும். இதில் இருப்பதோ 6. நஞ்சை, புஞ்சை இல்லாமல் நில மனு எழுத முடியுமா?

கைகொடுத்தது ஃபர்ம்வேர். விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, எண்ணைத்தான் அனுப்புகிறது. தமிழாக்குவது கம்ப்யூட்டர். கியூ.எம்.கே. என்ற திறந்த மூல ஃபர்ம்வேரில் அந்த அட்டவணை சி மொழியில் இருக்கிறது. கீழ்வரிசைக் கோடி விசைக்கு ‘ஞ’வின் எண்ணைக் கொடுத்தோம். பேக்ஸ்பேஸ் கட்டைவிரலுக்குப் போனது. வேலை முடிந்தது!

2007-ல் பிரிந்த பெரம்பலூர், அரியலூர் மாதிரி இரண்டு பாதியும் தனித்தனி. நம்ம ஊர் பஸ் போல நடுவே ஒரு கேபிள் சேதி சுமக்கிறது. செய்து பார்க்கிறவர்கள் கவனிக்க: மின்சாரம் ஓடும்போது அந்தக் கேபிளைப் பிடுங்காதீர்கள், ஷார்ட் ஆகும்.

முதல் வாரம் வேகம் பாதியாயிடுச்சு என்று அக்கா திட்டினார். மூன்றாம் வாரம் கேட்டபோது திருப்பித் தர மறுத்துவிட்டார்!

யாரோ எங்கேயோ வரைந்த கருவியில் நம்ம எழுத்துக்கு இடமில்லையென்றால், இடம் போட்டுக் கொடுக்க நம்ம டிப்ளமோ படிப்பே போதும், நண்பர்களே!