இல்லம் தேர்வதும் கைங்கரியமே

காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் திருத்தலம் அமைந்துள்ளது. அங்கு எழுந்தருளியிருக்கும் வேங்கடேசப் பெருமாள் ஆலயச் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, ஆலயத்தைச் சார்ந்து நடைபெற்ற ஆதுலசாலை ஒன்றைப் பற்றி விரிவாகக் கூறுகிறது. நோயாளிகளுக்கு 15 கட்டில்கள், வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள், இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் என அனைத்தும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

'பெருமாள் சந்நிதியில் நடக்கும் தொண்டுதானே, கணக்கு எதற்கு?' என்று அக்காலத்தார் எண்ணவில்லை. சந்நிதியில் நடப்பதாலேயே அதற்குக் கணக்கு வேண்டும் என்று எண்ணினர். கட்டில் 15 என்று கல்லில் பொறித்துவிட்டால், அது 12 ஆகக் குறையும்போது கேட்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கும் அல்லவா?

இன்று திருவரங்கம், கும்பகோணம் போன்ற திருத்தலங்களை ஒட்டி முதியோர் இல்லங்கள் பல தோன்றியுள்ளன. அந்திமக் காலத்தை இறைவன் திருவடி நிழலில் கழிக்க வேண்டும் என்ற ஆசை நம் பெரியோர்க்கு இயல்பானது. ஆனால் தலத்தின் பெருமை வேறு, இல்லத்தின் தரம் வேறு என்பதை அறிந்து தெளிந்த தம்பதியர் இருவரின் அனுபவம் அனைவரும் சிந்திக்கத் தக்கது.

அவர் மயிலாடுதுறைப் பக்கத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 78. அவருடைய துணைவியாருக்கு வயது 74. மகன்கள் இருவரும் கடல் கடந்து வாழ்கின்றனர். அம்மையாருக்கு முழங்கால் வலியோடு சில காலமாக மறதியும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து வீடெங்கும் புகை சூழ்ந்த அன்று, இனித் தனியே வாழ இயலாது என்று இருவரும் முடிவு செய்தனர். மறதி வளரக்கூடியது என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருந்தார். தமக்கு நேர்வதை எடுத்துச் சொல்ல இயலாத நாள் ஒன்று துணைவியாருக்கு வரக்கூடும் என்பதே பெரியவரின் உறக்கத்தைக் கெடுத்த கவலை. கேட்கும் வாய் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார்.

முதலில் அவர்கள் பார்த்தது திருவரங்கத்தில் உள்ள ஓர் இல்லம். மாடியில் நின்றால் இராஜகோபுரம் கண்ணுக்கு நேரே தெரியும். கூடத்தில் பூஜை மண்டபம், சனிக்கிழமைதோறும் பஜனை, ஏகாதசிக்குக் கோயில் செல்ல வண்டி வசதி. மேலாளர் இவற்றை விவரிக்க விவரிக்க அம்மையாரின் கண்கள் பனித்தன. "வேறு எங்கும் பார்க்க வேண்டாங்க. இங்கேயே இருந்துவிடலாம்" என்றார்.

பெரியவர் மறுக்கவில்லை. தபால் அலுவலகத்தில் பணியாற்றிய காலத்தில், முன்னறிவிப்பின்றி வரும் ஆய்வாளர் முதலில் பணப்பெட்டியைத் திறந்து இருப்பை எண்ணுவதைப் பலமுறை கண்டவர் அவர். அந்தப் பழக்கத்தால் கூடத்தை விட்டுப் பின்கட்டை நோக்கி நடந்தார். குளியலறைத் தரை வழுவழுப்பாக ஈரமாக இருந்தது. பிடித்து எழச் சுவரில் கம்பி இல்லை. தாழ்ப்பாள் உள்ளே மட்டும் இருந்தது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் வெளியிலிருந்து திறக்க வழியில்லை. தீயணைப்புக் கருவியில் எழுதியிருந்த தேதி கடந்து ஈராண்டு ஆகியிருந்தது. பின்வாசல் பூட்டியிருந்தது. சாவி காவலாளியிடம், காவலாளியோ தேநீர் அருந்தச் சென்றிருந்தார். இரவில் 30 பேருக்கு உதவியாளர் ஒருவரே.

"பாட்டிமார் வெளியே போய்விடுவார்கள் என்றுதான் பூட்டி வைக்கிறோம், ஐயா" என்றார் மேலாளர்.

"அது நியாயம்தான். தீப்பிடித்தால் யார் திறப்பது?" என்று கேட்டார் பெரியவர்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றிச் சிக்கினர். 28 உயிர்கள் பறிபோயின. பாதுகாப்புக்கு என்று இடப்படும் பூட்டே எமனாகிவிடக்கூடும் என்பதைத் தமிழகம் அன்று கண்டது.

இதற்கிடையில் அம்மையார் கீழ்த்தளத்தில் படுக்கையிலேயே கிடந்த ஒரு மூதாட்டியின் அருகில் அமர்ந்திருந்தார். மூதாட்டியின் உதடுகள் வறண்டு வெடித்திருந்தன. "தண்ணீர் குடிக்கிறீர்களா, அக்கா?" என்று கேட்டு, எதிர்ச்சுவர் ஓரத்து மேசையில் இருந்த செம்பை எடுத்து வந்து கொடுத்தார். மூதாட்டி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று கையை நீட்டினார்.

வெளியே வந்ததும் அம்மையார் மெல்லச் சொன்னார்: "கோபுரம் தெரிகிறதுங்க. ஆனால் தண்ணீர்ச் செம்பு அந்த அக்காவின் கைக்கு எட்டவில்லை. நாளை அந்தக் கட்டிலில் நான் படுத்திருப்பேன்."

பெரியவரின் குறிப்பேட்டில் இல்லாத ஒன்றை அம்மையார் கண்டுவிட்டார். இல்லத்தின் தரத்தை அறியப் பூஜை மண்டபத்தைப் பார்த்தால் போதாது, அங்கே எழுந்து நடக்க இயலாதவரின் கட்டிலருகே சென்று பார்க்க வேண்டும். புரண்டு படுக்க இயலாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்க வைக்காவிடில் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். அதைச் செய்கிறார்களா, நேரம் குறித்து வைக்கிறார்களா என்பதை அங்கேதான் அறிய இயலும்.

இரண்டாவது இல்லம் கோயிலிலிருந்து தொலைவில் இருந்தது. கோபுரம் தெரியவில்லை. முதல்நாள் பகலில் பார்த்துவிட்டு, மறுநாள் இரவு எட்டு மணிக்குச் சொல்லாமல் சென்றனர். கட்டில்கள் கால் தரையில் பதியும் உயரத்தில் இருந்தன. ஒவ்வொரு கட்டிலிலும் அழைப்பு மணி இருந்தது. பெரியவர் தாமே ஒன்றை அழுத்திப் பார்த்தார், இரண்டு நிமிடத்தில் ஆள் வந்தது. மருந்துகள் அவரவர் பெயரிட்ட பெட்டிகளில் இருந்தன, கொடுத்த நேரமும் கொடுத்தவர் கையொப்பமும் பதிவேட்டில் இருந்தன. உணவுக் கூடத்தில் முதியவர் ஒருவர், "சாப்பாடு ஆயிற்றா?" என்று பணிப்பெண்ணிடம் நான்கு முறை கேட்டார். நான்காம் முறையும் அப்பெண் முதல்முறை போலவே, "இப்போதுதான் சாப்பிட்டீர்கள், தாத்தா" என்று சொன்னாள். அக்குரலைக் கேட்டதும் அம்மையார் கணவரின் கையை இறுகப் பற்றினார்.

ஆயினும் அன்றே அவர்கள் முன்பணம் கட்டவில்லை. ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். விலகினால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும்? கட்டணம் உயர்ந்தால் எப்போது அறிவிப்பார்கள்? மருத்துவமனைக்கு அனுப்ப முடிவெடுப்பவர் யார்? எல்லாவற்றுக்கும் மேலாக, நினைவு முற்றிலும் தவறிவிட்டாலோ படுக்கையில் விழுந்துவிட்டாலோ தொடர்ந்து வைத்துக்கொள்வார்களா? இந்த இறுதிக் கேள்விக்கு எழுத்தில் விடை பெற்ற பிறகே ஒரு மாதம் தங்கிப் பார்க்க ஒப்புக்கொண்டனர்.

பெரியவர் இத்துடன் நின்றுவிடவில்லை. முதல் இல்லத்தில் தம் துணைவியார் தங்கப்போவதில்லை, ஆனால் அந்த மூதாட்டி அங்கேதான் இருக்கிறார். தாம் கண்ட குறைகளைப் பணிவோடு எழுதி மேலாளருக்கு அனுப்பினார். அதன் நகலை மாவட்டச் சமூகநல அலுவலருக்கும் அனுப்பினார். சில வாரங்களுக்குப் பின் பின்வாசல் பூட்டு அகற்றப்பட்டு, உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் போடப்பட்டது. இரவுக்கு இன்னோர் ஆள் பற்றி மட்டும், "பார்க்கலாம்" என்ற பதிலே கிடைத்தது. பெரியவர் மீண்டும் எழுதினார்.

முதியோர்க்கு அரசு காட்டும் வழிகளையும் அறிந்துகொள்வது நன்று. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. 60 வயது நிறைந்தோர் அதன்படி மூத்த குடிமக்கள். மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் ஒன்றை மாநில அரசு அமைக்கலாம் என்றும், இல்லங்களில் அளிக்க வேண்டிய சேவைகளின் தரத்தை வகுக்கலாம் என்றும் அதன் 19-ஆம் பிரிவு கூறுகிறது. உதவியும் வழிகாட்டுதலும் வேண்டுவோர் 14567 என்ற எண்ணில் மூத்த குடிமக்கள் உதவி மையத்தைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

கேள்வி கேட்பது அவநம்பிக்கை ஆகாது. நல்ல இல்லத்தார் அதை மகிழ்வோடு வரவேற்பர், மறைக்க ஏதேனும் உடையவரே முகம் சுளிப்பர்.

பிறந்த நாளிலும் முன்னோர் திதியிலும் முதியோர் இல்லங்களுக்கு அன்னதானம் அளிக்கும் அன்பர் பலர். இலை போட்டுப் பரிமாறி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், அன்று ஒரு நாழிகை கூடுதலாக அங்கே செலவிடலாம். கூடத்துக்கு வர இயலாதவர் எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்டு அங்கே செல்லலாம். அவர் உண்டாரா என்று கேட்கலாம். அருகில் தண்ணீர் இருக்கிறதா, அது கைக்கு எட்டுகிறதா என்று பார்க்கலாம். எட்டவில்லை என்றால் அதை எடுத்து அருகில் வைத்துவிட்டு, பொறுப்பாளரிடமும் சொல்லிவிட்டு வரலாம். அதுவும் அரங்கனுக்குச் செய்யும் கைங்கரியமே.