கொட்டாஞ்சேனையில் அப்பாவின் மைதானம்

கொழும்பு என்றதும் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது வெள்ளவத்தை லொட்ஜும், பொலிஸ் பதிவும், வெளிநாட்டிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்த நாட்களும்தான். எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அது ஓர் உதைபந்தாட்ட மைதானம்.

1970களில் அப்பா கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தார். கொட்டாஞ்சேனையில் ஊர்க்காரர் இருவருடன் ஓர் அறையில் வாழ்ந்தார். பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் அந்தப் பக்கம்தான். 1972 இல் திறக்கப்பட்ட சுகததாச விளையாட்டரங்கும் அங்கிருந்து தூரமில்லை. கையில் காசு இருக்கும் கிழமைகளில் அப்பா அங்கே மட்ச் பார்க்கப் போவார். 1983 யூலையில் அந்த அறை எரிந்தது. உடுத்த உடுப்போடு அகதி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். எனக்கு அப்போது எட்டு வயது.

அப்பா அதிகம் பேசமாட்டார். கலவரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஆனால் உதைபந்தாட்டம் என்றால் வாய் திறப்பார். தம்பிக்கு அதில் நாட்டமில்லை. அதனால் கேட்கும் ஆள் நானாகிவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லாத காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். 1994 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இத்தாலியின் பாஜியோ தண்ட உதையை வெளியே அடித்து, பிரேசில் வென்ற செய்தியையும் அப்படித்தான் கேட்டோம். "பாவம். அவன்தான் அவையளை இறுதியாட்டம் வரைக்கும் கொண்டு வந்தவன். சனம் கடைசி அடியை மட்டும்தான் நினைவு வைச்சிருக்கும்" என்றார் அப்பா.

1995 ஏப்ரல் தொடக்கம். போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்தது. கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை மேலதிக நேரத்தில் ஒரு கோல் போட்டு இந்தியாவை வென்று, முதல் தடவையாகக் கிண்ணத்தைப் பெற்றது. செய்தி கேட்டதும் அப்பா கை தட்டினார். "உங்களைக் கப்பலேத்தி அனுப்பின ஊருக்கோ கை தட்டுறியள்?" என்று தம்பி கோபித்தான். "நான் பந்துக்குத் தட்டினனான்" என்றார் அப்பா. அதே மாதம் 19ஆம் திகதி போர் மறுபடியும் தொடங்கியது. ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. எங்கள் வானொலி தெருவில் எங்கோ விடுபட்டுப் போனது.

தம்பி பிரான்சுக்குப் போனான். நானும் அம்மாவும் அப்பாவும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜுக்கு வந்து சேர்ந்தோம். 1998 யூலையில் ஓரிரவு, நள்ளிரவு தாண்டிக் கதவு தட்டுப்பட்டது. சோதனைதான் என்று அம்மா அடையாள அட்டைகளைத் தேடினார். எனக்குக் கை நடுங்கியது. வெளியே லொட்ஜில் வேலை செய்யும் பெடியனின் குரல்: "ஐயா, மட்ச் தொடங்கப் போகுது!"

கீழே ஒரு சிறிய தொலைக்காட்சி. அதன் முன்னால் ஏழெட்டு ஆண்கள். நானும் போய் அப்பாவின் பக்கத்தில் இருந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சிடான் தலையால் இரண்டு கோல் அடித்தார். பிரான்ஸ் 3-0 என்று பிரேசிலை வென்றது. "அல்ஜீரியாவிலை இருந்து பிழைக்கப் போன சனத்தின்ரை பிள்ளை அவன். இண்டைக்கு பிரான்ஸ் முழுக்க அவனைத் தலையிலை வைச்சு ஆடுது" என்று சொன்ன அப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன. அவர் தம்பியை நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

2001 கடைசியில் அப்பா காலமானார். அடுத்த வருடம் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ-9 பாதை திறந்தது. அவர் ஊரைப் பார்க்கவில்லை. தம்பியால் வர முடியவில்லை. உறவினர் ஒருவர் கனத்தையில் கொள்ளி வைத்தார். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்பதால் நான் வாசலோடு நின்றுவிட்டேன். சாம்பல் வெள்ளவத்தைக் கடலில் கரைந்தது. போய் நின்று அழ எனக்கென்று ஓர் இடம் இருக்கவில்லை.

சென்ற வருடம் கண் சிகிச்சைக்காகக் கொழும்பு வந்தேன். ஒருநாள் வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் கோட்டையில் இறங்கி, ஓட்டோவில் கொட்டாஞ்சேனைப் பக்கம் போனேன். அப்பாவின் அறை எந்தத் தெருவில் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தது மைதானம் மட்டும்தான். வாசலில் வயதான காவலாளி ஒருவர் மறித்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "மகே தாத்தா" என்று தொடங்கினேன். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. மேலே சொல்ல வரவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

ஓடுபாதைக்கு நடுவில் பச்சைப் புல். கலரியில் ஒருவரும் இல்லை. ஒரு படியில் இருந்து, அழ வேண்டியதை அழுது முடித்தேன். வெளியே வரும்போது காவலாளி ஒரு போத்தல் தண்ணீர் நீட்டினார்.

சகோதரிகளே, எங்களில் பலருக்குக் கல்லறை இல்லை. சிலருக்கு இறந்த திகதிகூடத் தெரியாது. ஆனால் எங்கள் ஆட்கள் சந்தோஷமாக இருந்த இடம் ஒன்று எங்காவது இருக்கும். அது கடற்கரையாகவோ வாசிகசாலையாகவோ சந்தைத் திண்ணையாகவோ இருக்கலாம். முடிந்தால் ஒருமுறை அங்கே போய் இருந்துவிட்டு வாருங்கள்.

சின்ன வயதில் பந்து உதைக்க எனக்கு ஆசை இருந்தது. பெண் பிள்ளைக்கு அது சரிவராது என்று நானே நினைத்து, அப்பாவிடம் கேட்காமலே விட்டுவிட்டேன். இன்று தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பிள்ளைகள் தேசிய மட்டத்தில் உதைபந்தாடி வெல்கிறார்கள். 1990 இல் சனம் விட்டோடிய மண் அது. அவர்கள் வென்ற செய்தியைப் பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம் நான் கை தட்டுவேன், அப்பாவுக்கும் சேர்த்து.